மீனம்மாவின் அதிரசத் தட்டு

நேசமலர் முரசுமோட்டைப் பக்கத்துச் சின்னத் தேவாலயத்துக்கு ஊழியக்காரியாக வந்தது எழுபத்தெட்டில். யாழ்ப்பாணத்தில் படித்து, கலியாணம் வேண்டாமென்று சொல்லிவிட்டு, ஒரு சைக்கிளோடும் ஒரு தகரப் பெட்டியோடும் வந்தவள். அவள் செய்த முதல் வேலையே சபையாருக்குப் பிடிக்கவில்லை. முந்தின வருஷக் கலவரத்தில் அடிபட்டு, மலைநாட்டிலிருந்து ஓடிவந்து வாய்க்கால் கரையில் கொட்டில் போட்டிருந்த சனத்திடம் போனாள். போனால் போகட்டும், அவர்களோடு சாக்கில் குந்தி ரொட்டி தின்று, தேத்தண்ணியும் குடித்துவிட்டு வந்தாள்.

“பிள்ளை, போங்கோ, செபம் பண்ணுங்கோ. அங்க வாய் நனைக்கத்தான் வேணுமோ?” என்று கேட்டார் நல்லதம்பி மூப்பர். குடியேற்றத் திட்டத்தில் காணி பெற்று வந்தவர், சபையின் தூண்.

“யேசு எல்லாற்றை வீட்டிலயும் சாப்பிட்டவர்தானே, ஐயா?”

“அவர் கடவுள், பிள்ளை. எங்களுக்கு ஊர் எண்டு ஒண்டு இருக்கு.”

கெட்ட மனிதர் என்று அவரைச் சொல்லிவிட முடியாது. அவள் காய்ச்சலில் கிடந்தபோது தன் வீட்டிலிருந்து கஞ்சி அனுப்பியவர். கெட்டவர் என்றால் சண்டை பிடிக்கலாம், இவரோடு என்ன செய்வது?

அந்தக் கொட்டில்களில் ஒன்றில் மீனம்மா இருந்தாள். புருஷன் இல்லை. மூப்பரின் வயலில் களை பிடுங்குவாள், அரிவு வெட்டுவாள். காலையில் பிள்ளையாரைக் கும்பிடுவாள், ஞாயிறு வந்தால் தேவாலயத்தின் கடைசிப் பாயில் வந்து இருப்பாள். மதம் மாறச் சொல்லி நேசமலர் ஒருநாளும் கேட்டதில்லை.

எண்பத்தொன்றாம் ஆண்டு பங்குனியில் அறுப்புப் பண்டிகை வந்தது. ஒவ்வொரு வீடும் விளைந்ததையும் செய்ததையும் கொண்டுவந்து பீடத்தின் முன் வைக்கும். ஆராதனை முடிய ஏலம் நடக்கும். ஏலம் கூறுவது மூப்பர். வருஷத்தில் அவர் வாய்விட்டுச் சிரிக்கும் நாள் அது ஒன்றுதான்.

“நானும் ஏதாச்சும் கொண்டாந்து வைக்கலாங்களா அக்கா?” என்று கேட்டாள் மீனம்மா.

நேசமலருக்குக் கண் கலங்கிவிட்டது. “இதையும் கேக்க வேணுமே? உங்கட கையால செய்ததைக் கொண்டுவாங்கோ.”

அங்கேதான் பிசகினாள். பூசணிக்காய் என்று சொல்லியிருந்தால் ஒரு வில்லங்கமும் வந்திராது. எந்த வளவில் காய்த்தாலும் காய்க்குச் சாதி இல்லை, அடுப்பேறினால்தான் வரும். இந்தச் சட்டம் நேசமலருக்குத் தெரியாததல்ல. மூன்று வருஷமாக அன்பைப் பற்றிப் பேசிய பேச்சு கொஞ்சமாவது ஊறியிருக்கும் என்று நம்பிவிட்டாள், பாவம்.

மீனம்மா கூலி நெல்லைக் குத்தி, இடித்து, அதிரசம் சுட்டு, வாழையிலை விரித்த தட்டில் அடுக்கிக்கொண்டு வந்தாள்.

வாழைக்குலை போயிற்று, பூசணி போயிற்று, கால் கட்டிய சேவல்கூடப் பகிடியும் சிரிப்புமாய்ப் போயிற்று. எல்லாவற்றையும் தலைக்கு மேல் தூக்கிக் காட்டிய மூப்பர் அந்தத் தட்டை மட்டும் தொடவில்லை, விரலால் காட்டினார்.

“இது பலகாரம். ஆர் கேக்கிறியள்?”

ஒருவரும் வாய் திறக்கவில்லை. கொஞ்ச நேரத்துக்கு முன் ‘ஒரே அப்பம், ஒரே சரீரம்’ என்று உருகிப் பாடிய வாய்கள்தான். வாய் சர்க்கரை, கை கருணைக்கிழங்கு. வாசலருகே நின்ற மீனம்மா சிரித்த முகத்தோடு ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

“நான் கேக்கிறன்” என்று எழுந்தாள் நேசமலர்.

“ஊழியர் ஏலம் கேக்கிற வழக்கமில்லை, பிள்ளை” என்றார் மூப்பர். கோபமே இல்லாமல், தகப்பன் சொல்வதுபோலச் சொன்னார். பிறகு குரலை உயர்த்தி, “இது ஏலத்துக்கு வேண்டாம். போதகர் ஐயாவுக்குக் காணிக்கையாய் இருக்கட்டும்” என்றார்.

சபை மூச்சு விட்டது. மீனம்மா இரண்டு கைகளையும் தலைக்கு மேல் கூப்பினாள்.

பண்டிகைக்காக யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த போதகரின் காரில் இளநீர் ஏறியது, அரிசி ஏறியது. தட்டு வாங்குப் பலகையிலேயே கிடந்தது. நேசமலர் அதைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

“எனக்குச் சீனி வருத்தம் எல்லோ, இனிப்பு ஆகாது, நேசமலர்” என்றார் அவர், அவள் முகத்தைப் பாராமல். அவர் மடியில் மூப்பர் வீட்டு அரியதரம் ஒரு பொதி இருந்தது. மலைநாட்டார் அதிரசம் என்பதைத்தான் இங்கே அரியதரம் என்பார்கள்.

கார் போய்விட்டது. தட்டை வாங்கிப்போக மீனம்மா வேலியருகே காத்து நின்றாள். நேசமலர் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். ஒன்றை எடுத்துக் கடித்தாள். நல்ல பாகு, நல்ல பதம். அழுகையோடு விழுங்க முடியவில்லை. மிச்சத்தைத் தகரப் பெட்டிக்குள் கொட்டி மூடிவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு வெறுந்தட்டோடு வெளியே வந்தாள்.

“அய்யா எடுத்துக்கிட்டாங்களா அக்கா?”

மூன்று வருஷம் வேதம் பேசியவள் வெறுந்தட்டை நீட்டினாள். உண்மையைச் சொன்னால் இந்தப் பெண் இனி எந்த வாசலில் போய் நிற்பாள்?

“ஓம், மீனம்மா. நல்லாயிருந்ததாம்.”

மீனம்மா தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். “அடுத்த வருசம் நெறையச் சுட்டுக் கொண்டாறேங்க அக்கா. பாவம், அய்யாவுக்குக் குடுத்ததுல மத்தவங்களுக்கு ஒன்னுகூடக் கெடைக்கலியே.”