ஐந்நூறு டிகிரி அப்பளம்

போன சனிக்கிழமை சாயங்காலம், தியாகராய நகரில் ஒரு துணிக்கடை வாசலில் எனக்குத் திடீரென்று கண் தெரியாமல் போய்விட்டது.

பயப்படாதீர்கள். கண்ணுக்கு ஒன்றுமில்லை. இரண்டு மணி நேரம் ஏசியில் ஊறிவிட்டு வெளியே வந்தால் மூக்குக்கண்ணாடி முழுக்க ஆவி படியும்... சென்னையில் கண்ணாடி போட்ட எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். எல்லோரும் துடைத்துக்கொண்டு நடப்பார்கள். நான் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தபடி நின்றேன்.

"வழியில நிக்காதடி. பின்னாடி ஊரே வருது" என்றாள் அம்மா. அவள் கையில் மூன்று கட்டைப் பைகள்.

"ஒரு நிமிஷம்மா. நஸ்ரீனுக்கு போன் பண்ணணும்."

"இப்பவா? இங்கயா?"

இப்போதுதான், இங்கேதான். ஏன் என்று சொல்லக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்கு என் வேலை தெரியும். அடையாறில் ஓர் ஆய்வுக்கூடத்தில் பாலிமர் செய்கிறேன். பாலிமர் என்றதும் குடம், வாளி என்று நினைக்காதீர்கள். குடத்தை அடுப்புப் பக்கம் வைத்தாலே நெளிந்துவிடும். எங்களுடையது அரோமேட்டிக் பாலிமர் – கார்பன் வளையங்களைச் சங்கிலியாகக் கோத்தது. ஐந்நூறு டிகிரி வரை அசையாது. செல்போன் பழுதுபார்க்கும் கடையில் ஒரு மஞ்சள் டேப்பை ஒட்டிவிட்டு அதன் பக்கத்திலேயே சூட்டுக் காற்றை அடிப்பார்களே, பார்த்திருக்கிறீர்களா? அந்த டேப்புக்கு நாங்கள் செய்வது பெரியப்பா பிள்ளை முறை.

நஸ்ரீன் எங்கள் கூடத்தில் பிஎச்.டி. செய்யும் பெண். ராயப்பேட்டைக்காரி. அப்பாவுக்குத் தோல் பை வியாபாரம். இரண்டு வருடமாக இந்த வகையில் புதிதாக ஒரு பாலிமரைச் செய்து, தாள்போல மெல்லிய ஃபிலிமாக்கப் போராடுகிறாள். வியாழக்கிழமை அவளுக்குக் கமிட்டி. கைடு தெளிவாகச் சொல்லிவிட்டார்: "வளையற ஃபிலிம் ஒண்ணைக் காட்டு. இல்லைன்னா வேற தலைப்பு எடுத்துக்கோ." அதாவது, இரண்டு வருடமும் குப்பைக்கு.

ஏழு ஃபிலிம் செய்தாள். ஏழும் உடைந்தன.

செய்முறை என்னவோ சொல்லும்போது சுலபம். இரண்டு பவுடர்கள். இரண்டிலும் மூலக்கூறுகள் சரிக்குச் சரி எண்ணிக்கையில் இருக்கும்படி ஒரு கரைப்பானில் கலக்க வேண்டும். ஒன்றின் கையை இன்னொன்று பிடிக்க, அதன் கையை அடுத்தது பிடிக்க, சங்கிலி நீளும். கரைசல் பாகுபோலக் கெட்டிப்படும். அதைக் கண்ணாடித் தகட்டில் மெல்லிசாக இழுத்துவிட்டு, ஓவனில் நூறு, இருநூறு, முந்நூறு டிகிரி என்று படிப்படியாக ஏற்ற வேண்டும். ஒவ்வொரு படிக்கும் ஒரு மணி நேரம். அவசரப்பட்டு நேரே முந்நூறுக்குப் போனால் பூரி மாதிரி உப்பிவிடும்.

நஸ்ரீன் அவசரப்படுகிற பெண் இல்லை. ஆனாலும் ஓவனைத் திறக்கும் நாளெல்லாம் அதைப் பார்த்துக்கொள்ளும் ஏழுமலை அண்ணன் கதவருகே வந்து நிற்பார்.

"இன்னா மேடம், இன்னிக்கும் அப்பளமா?"

அவள் ஃபிலிமின் ஒரு மூலையைப் பிடித்து லேசாக வளைப்பாள். 'டக்' என்று ஒரு சத்தம்.

"அப்பளந்தான். ரசம் கீதான்னு மட்டும் சொல்லு, சாப்ட்டு போய்னே இருப்போம்" என்பார் அண்ணன்.

இதில் வேடிக்கை ஒன்று உண்டு. ஒரு துணுக்கை நைட்ரஜனில் வைத்து எண்ணூறு டிகிரி வரை சுட்டுக்கொண்டே எடை பார்க்கும் கருவி எங்களிடம் இருக்கிறது. உடைந்த துண்டுகளை அதில் போட்டோம். ஐந்நூறு வரை எடை குறையவே இல்லை! எவ்வளவு சூடு போட்டாலும் தாங்கும். கொஞ்சம் வளைந்து கொடு என்றால் உடைந்துவிடும். உங்கள் ஆபீசிலும் இப்படி ஒருவர் இருப்பார். பெயர் சொல்ல வேண்டாம்.

வளைத்தால் உடைகிறதென்றால் சங்கிலி நீளவில்லை என்று அர்த்தம். ஏன் நீளவில்லை? அதற்குத்தான் என் பட்டியல் இருக்கிறதே.

என் பட்டியல்களைப் பற்றி உங்களுக்குத் தெரியும். கடைக்கு ஒன்று, ஊருக்குக் கிளம்ப ஒன்று, பட்டியல்களுக்கே ஒரு பட்டியல். ஆய்வுக்கூடத்தில் இருப்பது பதினான்கு அம்சங்கள் கொண்டது. லேமினேட் செய்து சுவரில் ஒட்டியிருக்கிறேன். பாத்திரம் காய்ந்திருக்கிறதா, தராசு சமமாக நிற்கிறதா, நைட்ரஜன் ஓடுகிறதா... ஒவ்வொரு தடவை உடைந்தபோதும் அதன் முன்னால் அவளை நிறுத்தி, விரல் வைத்துக் கேட்டேன். பதினான்குக்கும் "ஆமா அக்கா" என்றாள். பன்னிரண்டாவது அம்சம், 'கெட்டியாகும் வரை கலக்கவும்'. "கெட்டியாச்சா?" என்று கேட்டேன். "ஆச்சு அக்கா, தேன் மாதிரி" என்றாள். எந்தத் தேன் என்று நான் கேட்கவில்லை.

"அப்ப எங்கயோ கவனக்குறைவு" என்று தீர்ப்புச் சொன்னேன். ஏழு தடவையும், கொஞ்சம்கூடக் குரல் உயர்த்தாமல். யோசித்துப் பார்த்தால், கத்தியிருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

இப்போது துணிக்கடை வாசலுக்கு வாருங்கள்.

குளிர்ந்த கண்ணாடி. வெளியே கடலோரக் காற்று. பட்டதும் தண்ணீர். அந்த இரண்டு பவுடர்களில் ஒன்றுக்குத் தண்ணீர் ஆகவே ஆகாது. ஈரம் பட்டால் நீட்டிய கையை மடக்கிக்கொள்ளும். அப்புறம் யாரும் பிடிக்க முடியாது, சங்கிலி அங்கேயே முடிந்துவிடும். அதனால் அதை இறுக்கி மூடி ஃப்ரிட்ஜில் வைத்திருக்கிறோம்.

ஃப்ரிட்ஜில்!

"நஸ்ரீன், பாட்டிலை ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்ததும் என்ன பண்ணுவே?"

"தொறப்பேன் அக்கா."

"எவ்வளவு நேரம் கழிச்சு?"

"நேரமா? நீங்கதானே போட்டிருக்கீங்க, 'வெளியே வைக்காதே, எடுத்தவுடன் எடை போட்டு உடனே உள்ளே வை'ன்னு. பதினோராவது பாயின்ட். 'உடனே'க்குக் கீழ ரெண்டு கோடு வேற இழுத்திருக்கீங்க."

ஆமாம். ஸ்கேல் வைத்து இழுத்தது.

குளிர்ந்த பாட்டிலை உடனே திறந்தால் என் கண்ணாடிக்கு ஆனதுதான் பவுடருக்கும் ஆகும். ஒவ்வொரு தடவையும் கண்ணுக்குத் தெரியாத பனி. சொன்னதைச் சொன்னபடி செய்யும் பெண் ஏழு தடவை அதற்கு ஈரம் ஊட்டியிருக்கிறாள்.

அப்படியானால் இதே பவுடரில் முன்பு நான் செய்த ஃபிலிம்கள் மட்டும் ஏன் உடையவில்லை? ரங்கநாதன் தெரு மூலையில் யார் யாரோ தோளில் இடித்துப் போக, யோசித்தேன். நான் செய்த காலத்தில் அந்த ஃப்ரிட்ஜ் கீழ்த்தளத்தில் இருந்தது. காலையில் வரும்போதே பாட்டிலை எடுத்து வருவேன். மூடியபடியே மேஜையில் வைப்பேன். பிறகு கேன்டீனுக்குப் போவேன். ஒரு டீ, ஏழுமலை அண்ணனிடம் கொஞ்சம் அரட்டை, வந்து உட்கார ஒரு மணி நேரம் ஆகும். அதற்குள் பாட்டில் குளிர் விட்டிருக்கும்.

நான் டீ குடித்ததுதான் முக்கியமான படி. அதைப் பட்டியலில் எழுதவில்லை. எப்படி எழுதுவேன்? அதை வேலை என்றே நான் நினைத்ததில்லையே.

இதையெல்லாம் போனில் சொன்னேன்.

"அப்ப ஏழு அப்பளமும் உங்களோடதா அக்கா?"

"...ஆமா."

"கவனக்குறைவு?"

"என்னோடதுதான்."

"ரெண்டு கோடு போட்டுச் சொல்லுங்க அக்கா."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு ஏழு ஃபிலிமுக்கு அப்புறம் வந்தது. எனக்குத்தான் கொஞ்ச நேரம் சிரிக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஆய்வுக்கூடத்துக்குப் போனோம். பவுடரைக் காற்றில்லாத ஓவனில் வைத்துச் சூடு பண்ணினால் குடித்த தண்ணீரைக் கக்கிவிடும். கக்க வைத்தோம். திங்கட்கிழமை இரண்டையும் கலந்தாள். நான் தள்ளி உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டேன். முக்கால் மணி நேரம் போனதும் ஒரு கூச்சல்.

"அக்கா! கலக்குற காந்தம் சுத்த மாட்டேங்குது! மெஷின் போச்சா?"

மெஷினுக்கு ஒன்றுமில்லை. ஒரு கண்ணாடிக் குச்சியை உள்ளே விட்டுத் தூக்கினேன். ஜீரா காய்ச்சும்போது கம்பிப் பதம் என்பார்களே, அப்படி ஓர் இழை நீண்டுகொண்டே வந்தது. நஸ்ரீன் அதைப் பார்த்த விதம்... ஏழு தடவையும் அவள் 'தேன்' என்று சொன்னது ரோஸ்மில்க் பதம்தான் என்று அப்போது இரண்டு பேருக்குமே புரிந்தது.

செவ்வாய் முழுக்க ஓவன். நூறு, இருநூறு, முந்நூறு. புதன் காலை தகட்டைத் தண்ணீரில் அமிழ்த்தினாள். தேன் நிறத்தில் ஒரு ஃபிலிம் தானாகக் கழன்று மிதந்தது. ஏழுமலை அண்ணன் கேட்காமலே எடுத்து விரலில் சுற்றினார், அவிழ்த்தார், மறுபடி சுற்றினார்.

"இன்னா மேடம் இது, உடையவே மாட்டுது? ரசம் சொல்லி வச்சுட்டனே."

வியாழக்கிழமை கமிட்டி. நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். வெளியிலிருந்து வந்த பெரிய பேராசிரியர் ஃபிலிமை வாங்கினார். ஏதோ பஸ் டிக்கெட் போல இரண்டாக மடித்து, மடிப்பின்மேல் நகத்தால் ஓர் இழுப்பு. நஸ்ரீன் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். 'டக்' சத்தம் வரவில்லை. விரித்தார். அப்படியே இருந்தது.

"இதே தலைப்பிலயே தொடரட்டும்" என்றார் கைடைப் பார்த்து. பிறகு அவளிடம் திரும்பினார். "முதல் ஏழும் ஏன்மா உடைஞ்சுது?"

நஸ்ரீன் ஒரு விநாடி கடைசி வரிசையைப் பார்த்தாள்.

"ஹியூமிடிட்டி சார். சென்னைக் காத்து."

எல்லோரும் தலையாட்டினார்கள். இந்த ஊரில் எந்தத் தப்பையும் காற்றின்மேல் போடலாம். அதுவும் மறுத்துப் பேசாது.

நன்றி, நஸ்ரீன். ஆனால் அந்தக் கமிட்டியில் இரண்டு பேராவது இந்தப் பத்தியைப் படிப்பவர்கள்... ஐயா, காற்று வெறும் உடந்தைதான். குற்றவாளி கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.