அம்மா இந்தியில் கூப்பிட்ட சாயங்காலம்

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் மெஸ்ஸில் இருந்தது அம்மா, அக்கா, நான். இல்லாதது அப்பா. அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தில் சாம்பல் அள்ளும் இடத்தில் அவருக்கு மறுநாள் சாயங்காலம் வரை டபுள் ஷிப்ட், போனை கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். எங்கள் வீட்டில் இந்தி தெரிந்த ஒரே ஆளும் அவர்தான். கூட வேலை பார்க்கும் பீகார்காரர்களிடம் கற்றுக்கொண்டது.

மெஸ் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். கும்மிடிப்பூண்டியில் கம்பெனிகளுக்குப் போகும் ரோட்டில் தகர ஷெட்டு, நாலு பெஞ்சு. அதற்கு முன் அம்மா ஒரு கம்பெனியில் கான்ட்ராக்டில் தரை துடைத்தாள். முட்டி போனது. எதிரே புது ஓட்டல் வந்த பிறகு சாயங்காலக் கூட்டம் பாதியாகிவிட, "பொங்கல் வரைக்கும் பாப்பேன், இல்லாங்காட்டி மறுபடி தொடப்பத்த எடுத்துக்கினு போயிடறேன்" என்று சொல்லியிருந்தாள். சும்மா சொல்கிறவள் இல்லை.

எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான். மாதவரத்தில் ஒரு சின்ன விளம்பர ஆபீசில் வேலை. சேர்ந்த புதிதில் ஒரு ரீலுக்கு எழுத ஒருவர், படம் எடுக்க ஒருவர், குரல் கொடுக்க ஓர் அக்கா, வெட்டி ஒட்ட ஒருவர். இப்போது ஏஐயை வைத்துக்கொண்டு நான் ஒருவனே எல்லாம். குரல் கொடுத்த அக்கா எப்போதாவது "வேலை இருக்கா தம்பி" என்று மெசேஜ் போடுவார். பதில் எழுத எனக்கு ரொம்ப நேரம் பிடிக்கும்.

அந்த வித்தையை அம்மாவுக்காகச் செய்தால் என்ன? சுற்றிலும் தங்கியிருப்பவர்கள் பாதிப்பேர் வடக்கத்திப் பையன்கள். அம்மாவை அடுப்புப் பக்கத்தில் நிற்கவைத்துப் பேசச் சொன்னேன். "வாங்க கண்ணு, வயிறு நெறைய சாப்ட்டுப் போங்க. அறுவது ரூபாதான்." அதை ஏஐயில் போட்டேன். டீ ஆறுவதற்குள் அதே அம்மா, அதே குரல், உதடு கூடப் பிசகாமல் இந்தியில்: "ஆவோ பேட்டா..."

"ஐய, இன்னாடா இது, நானா பேசறேன்?" அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"இவ்ளோ நைசா எங்களாண்ட என்னிக்காவது பேசிகிறியா நீ?" என்றாள் அக்கா.

பக்கத்து மளிகைக்கடைக்காரரிடம் கொடுத்து, வடக்கத்திப் பையன்களின் வாட்ஸ்அப் குரூப்புகளில் போடச் சொன்னேன்.

மறுநாள் சாயங்காலம் பெஞ்சு போதவில்லை. செருப்புகள் ரோடு வரை கிடந்தன. எல்லோரும் அம்மாவிடம் இந்தியில் கடகடவென்று பேச, அம்மா "ஆங்... ஆங்..." என்று தலையாட்டினாள். முகம் பூரித்துப் போயிருந்தது. ஆனால் சோறு? கேட்டார்கள், போட்டோம். மறுபடி கேட்டார்கள்.

அக்கா என் காதில், "டேய், அந்த நீல சட்ட நாலாவது வாட்டி கேக்குது. இன்னா பண்ணி வெச்சிகிற?" என்றாள்.

நீலச்சட்டை சிரித்துக்கொண்டே போனைக் காட்டினான். அதில் அம்மாதான் அவனை அன்பாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் அப்பா ஷிப்ட் முடிந்து, காதெல்லாம் சாம்பலாக வந்தார். அந்த ரீலைக் கேட்டார். பெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"இன்னா மே, அன்லிமிடெட்டுன்னு சொல்லிகிற?"

"வயிறு நெறையன்னுதான்யா சொன்னேன்!"

"அத்தத்தான் 'பர் பேட்'டுன்னு சொல்லிகிது. அவங்க ஊரு ஓட்டல் போர்டுல அப்டி எழுதனா, ஒரே ரேட்டு, எவ்ளோ வோணா துன்னலாம்னு அர்த்தம்."

ஏஐ வார்த்தைக்கு வார்த்தை சரியாகத்தான் செய்திருந்தது. ஓட்டல் போர்டில் அதற்கு வேறு அர்த்தம் என்று எனக்குத்தான் தெரியவில்லை. "நீ அவங்களாண்ட எடுத்துச் சொல்லுப்பா" என்றேன்.

அம்மா விடவில்லை. "தட்டுல கைய வெச்சவன எழுப்புவியா? கூப்ட்டது என் வாயி. இன்னிக்கி போட்டுடுவோம். நாளிக்கி வேற சொல்லிக்கலாம்." அக்காவை அரிசிக்கு ஓடவிட்டு, இன்னொரு உலை வைத்தாள். அப்பா குளிக்காமலே வாளியைத் தூக்கினார். "கழுவிக்கினு வாய்யா, சாம்பல் சாதம்னு இவன் வேற ரீலு உட்டுடப் போறான்" என்று விரட்டினாள்.

மறுநாள் வேறு ரீல். அதே ஏஐ, அதே அம்மா குரல். இந்த முறை பக்கத்தில் அப்பா: சோறு ரெண்டு வாட்டி, பருப்பு கேட்கக் கேட்க. சிலர் வரவில்லை. நீலச்சட்டை வந்தான், ரூமில் இருப்பவர்களையும் கூட்டிக்கொண்டு. இப்போதெல்லாம் ஆபீசில் இந்தியில் எது செய்தாலும் அப்பாவுக்கு அனுப்பிவிட்டுத்தான் முதலாளிக்கு அனுப்புகிறேன். கேட்டுச் சொல்வதற்குக் கூலி ஒரு பிரியாணி.

அந்தப் பழைய ரீலை அம்மா அழிக்க விடவில்லை. வெங்காயம் அரியும்போது போனைச் சாய்த்து வைத்து, தன் குரலுக்குப் பின்னாலேயே தானும் சொல்லிப் பார்க்கிறாள். "ஆவோ பேட்டா."

"யாராண்டமா கத்துக்கினு கீற?"

"என்னாண்டயேதான்."

பொங்கல் வந்து போனது. அம்மா துடைப்பத்தைத் தொடவில்லை, மெஸ்ஸைக் கூட்டுவதற்குத் தவிர. அந்த ஒரு சாயங்காலம் வந்த காசுக்கு மேல் கையை விட்டுப் போனதை, அரிசி, பருப்பு, கேஸ் எல்லாம் சேர்த்து அக்கா கூட்டிப் பார்த்தாள். ஆயிரத்து நூற்றுப் பத்து ரூபாய், அவ்வளவுதான்.