பைக் ஏறும் சரிவு

பெரம்பலூரில் முதியோருக்கு ஒரு பகல் நேர மையம் கட்டப்போவதாக நகராட்சி சொன்னதும், எங்கள் மூத்த குடிமக்கள் சங்கம் ஒரே ஒரு நிபந்தனை வைத்தது. காண்ட்ராக்டருக்குச் சம்பந்தமில்லாத ஒருவர் வேலையைச் சரிபார்க்க வேண்டும். பிடிவாதம் பிடித்தது நான்தான். காலமெல்லாம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன் நான். டிக்கெட் கொடுக்கிற என்னைச் சோதிக்கவே வழியில் செக்கர் ஏறுவார் என்றால், கட்டடத்துக்கு ஒரு செக்கர் வேண்டாமா?

ஆள் எடுக்கும் குழுவில் என்னையும் உட்கார வைத்தார்கள். வந்தவர்களிடம் நான் கேட்டது ஒன்றுதான். "காண்ட்ராக்டர் உங்களுக்கு என்ன வேணும்?" முதலில் வந்தவர் அவருக்கு மச்சான். அடுத்தவர் அவருக்குச் சிமெண்ட் விற்பவர். இன்னொருவர் எந்த ஒட்டும் இல்லை, உறவும் இல்லை என்று அடித்துச் சொல்லிவிட்டு, காண்ட்ராக்டரின் காரிலேயே ஏறிப் போனார். கடைசியில் குன்னத்திலிருந்து பஸ் பிடித்து, வியர்த்து விறுவிறுத்து வந்தாள் வெற்றிச்செல்வி. என் கேள்விக்கு அவள், "காண்ட்ராக்டர் யாருங்க?" என்று திருப்பிக் கேட்டாள். எனக்கு அவளை அப்போதே பிடித்துப்போயிற்று.

மக்காச்சோளக் காட்டில் கூலிக்குக் கதிர் ஒடித்த குடும்பத்தின் முதல் இன்ஜினியர் அவள். திருச்சியில் ஒரு கம்பெனியில் இருந்தவள், பார்க்காத வேலைக்குக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள் என்று வெளியே வந்துவிட்டாள். தனியாக எடுத்த முதல் வேலை இதுதான். இதில் பேர் கெட்டால் அடுத்து யாரும் கூப்பிட மாட்டார்கள். வீட்டில் சம்பாதிப்பதும் அவள் ஒருத்திதான்.

முதல் நாளே காண்ட்ராக்டரின் மேஸ்திரி அரியமுத்து டீ நீட்டினார். "கையெழுத்துப் போடற வரைக்கும் டீ வேணாங்க" என்றாள். எங்கள் பக்கம் டீயை மறுப்பதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவதும் ஒன்று. மனிதருக்குச் சுருக்கென்றது. ஆனாலும் விடவில்லை, எந்த ஊர், யார் மகள் என்று தோண்டினார். மத்தியானச் சாப்பாட்டுக்குள் அவளுடைய சித்தி வழியில் ஒரு உறவைக் கண்டுபிடித்து, அவளுக்கு மாமா ஆகிவிட்டார். நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். சம்பந்தமில்லாத ஆளைத் தேடிப்பிடித்தது அரை நாளில் பாழ்.

"கவலப்படாதீங்க ஐயா. மாமான்னு வாய் நெறைய கூப்பிடுறேன். டீ மட்டும் குடிக்க மாட்டேன்" என்றாள் அவள்.

சுவர், கூரை, பூச்சு எதிலும் அவளால் குறை சொல்ல முடியவில்லை. அரியமுத்துவின் கை அப்படி. வாசலுக்குச் சரிவுப் பாதை போட்டபோதுதான் கை பழக்கத்தில் போய்விட்டது. எங்கள் ஊரில் எல்லாரும் ரோட்டைவிட உயர்த்தித்தான் வீடு கட்டுவார்கள். பைக்கை உள்ளே ஏற்ற வாசலில் குட்டையாக, செங்குத்தாக ஒரு சரிவு இருக்கும். அதையே இங்கேயும் போட்டு வைத்திருந்தார்.

"ஒடச்சுட்டு நீளமா போடணும்" என்றாள் வெற்றிச்செல்வி. திறப்பு விழாவுக்கு பிளெக்ஸ்கூடக் கட்டியாயிற்று. காண்ட்ராக்டர் குதித்தார். இந்தப் பெண்ணை மாற்றச் சொல்லி நகராட்சிக்கே போகிறேன் என்று போனை எடுத்தார். அவள் முகம் வெளுத்துவிட்டது, ஆனால் சொன்னதை மாற்றவில்லை.

அரியமுத்து தன் மொபெட்டைக் கிளப்பி ஒரே மூச்சில் மேலே ஏறிக் காட்டினார். "பாத்தியா மருமவளே, எப்புடி ஏறுது."

"வண்டிய அங்கயே விட்டுட்டு நடந்து எறங்கி வாங்க மாமா."

அவரும் என் வயசுக்காரர்தான். இரண்டு எட்டு வைத்ததும் உடம்பு முன்னால் தள்ளியது, முழங்கால் மடங்கியது. அப்படியே நின்றுவிட்டார். கை கொடுக்கலாம் என்று கீழிருந்து நான் ஏறினேன். அது நான் செய்த மடத்தனம். பாதிச் சரிவில் இரண்டு கிழவர்களும் ஒருவரை ஒருவர் கட்டிப் பிடித்தபடி, ஏறவும் முடியாமல் இறங்கவும் முடியாமல் நின்றோம். சித்தாள்கள் எல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். வெற்றிச்செல்விதான் வந்து இருவரையும் இறக்கிவிட்டாள்.

மண்ணைத் தொட்டதும் அரியமுத்து திரும்பி நின்று, "எந்த மடப்பய இதப் போட்டது?" என்றார். பிறகு அவரே கடப்பாரையை எடுத்தார். காண்ட்ராக்டர் போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

விழா தள்ளிப்போனது. பிளெக்ஸில் தேதி இருந்த இடத்தில் பேப்பர் ஒட்டினார்கள். புதுச் சரிவு வேப்பமரத்தைச் சுற்றிக்கொண்டு நீளமாக, கைப்பிடியோடு வந்தது. வெற்றிச்செல்வி அதில் மேலும் கீழும் நடந்து பார்த்துவிட்டு, மேலே போய்க் கையெழுத்துப் போட்டாள்.

"மாமா, இப்ப டீ குடுங்க" என்றாள்.

அரியமுத்து யாரையும் அனுப்பவில்லை. கடைக்குத் தானே போனார். இரண்டு கையிலும் ததும்பத் ததும்ப டம்ளர், கைப்பிடியைப் பிடிக்கக் கை இல்லை. வேப்பமரத்தைச் சுற்றி மெதுவாக ஏறி வந்து அவளிடம் ஒன்றும் என்னிடம் ஒன்றும் நீட்டினார். ஒரு சொட்டுகூடச் சிந்தியிருக்கவில்லை.