அம்ப்ரூஸின் குழி

எதெல்காவின் ஆயுசில் பாதி, மண்ணை மேலே சுமப்பதில் போயிற்று. மீதி, அது திரும்பக் கீழே ஓடுவதைப் பார்ப்பதில்.

போட்ரோக் ஆற்றைப் பார்த்த சரிவில் அவளுடைய திராட்சைத் தோட்டம் இருந்தது. அடிவாரத்தில் மஞ்சள் வண்டல். அதில் விளைவது அன்றாடம் குடிக்கிற ஒயினுக்குத்தான் ஆகும். மேலே போகப் போக எரிமலைக் கல்லும், காலில் ஒட்டினால் விடாத செங்களிமண்ணும். இலையுதிர் காலத்தில் ஆற்று மூடுபனி விடியலில் ஏறி வந்து அவளுடைய மேல் வரிசைகளில் படுத்துக்கொள்ளும். மதிய வெயில் வந்து அதைக் கிளப்பிவிடும். இந்த இழுபறியில் பழங்கள் கொடியிலேயே பூஞ்சை பூத்து, வற்றிச் சுருங்கி, தேனாகத் தித்திக்கும். அந்தச் சுருங்கிய பழத்துக்காகத்தான் வியாபாரி அவள் வாசலில் வண்டியை நிறுத்தினான். மேல் வரிசைகள் போய்விட்டால் அவளை யாரும் சீந்தப் போவதில்லை.

ஆனால் மேலே மண் ஒரு சாண்தான். மழை கேட்காமல் எடுத்துக்கொண்டு போகும். அதனால் மலையில் எல்லோரும் தங்கள் பங்கின் கீழ் ஓரத்தில் குழி வெட்டிவைப்பார்கள். ஓடிவரும் மண் அதில் தங்கும். பனி உருகியதும் அதை முதுகுக் கூடையில் அள்ளி, திரும்ப மேலே கொண்டுபோய்க் கொடியடியில் கொட்ட வேண்டும். யார் குழியில் மண் விழுந்ததோ, மண் அவருடையது. இது மலைச் சட்டம். பாதிரியார்கூட இதில் தலையிட மாட்டார்.

குழி வெட்டுவது புருஷன் பாலிந்தின் வேலை. சுமப்பது எதெல்காவின் வேலை. போன இலையுதிர் காலத்தில் பாலிந்த் நெஞ்சு அடைத்துப் போய்ச் சேர்ந்தான். பனி உருகியதும் அவள் தனியாக மண்வெட்டியோடு போய் நின்றாள். குழி விளிம்பு வரை சேறு. முழங்கால் இரண்டும் வீங்கியிருந்தன. செத்தவன் மேல்கூடக் கோபம் வந்தது. ஒரு வருஷம்தானே, கிடக்கட்டும் என்று வீட்டுக்குத் திரும்பினாள். அவள் நிலையில் யாராக இருந்தாலும் திரும்பியிருப்பார்கள்.

மே மாதம் மழை கொட்டித் தீர்த்தது. மேகத்தை விரட்டக் கோயில் மணி அடித்தார்கள். மேகம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மறுநாள் போய்ப் பார்த்தால் மேல் வரிசைகளின் வேர்கள் வெளியே தெரிந்தன. நிரம்பிக் கிடந்த அவளுடைய குழியைத் தாண்டி, செம்மண் முழுவதும் கீழ்ப் பங்குக்காரன் லோரின்ஸின் குழியில் போய் உட்கார்ந்திருந்தது. நல்ல வெயில் நாலு நாள் அடித்தால் கொடிகள் காய்ந்துவிடும்.

லோரின்ஸிடம் கேட்பதற்கு அவளுக்கு நா எழவில்லை. காரணம் இருந்தது. சில வருஷங்களுக்கு முன்னால் மேல் பங்குக்காரன் அம்ப்ரூஸின் மண் இதேபோல அவளுடைய குழியில் விழுந்தது. அவன் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து கேட்டான். அவள் இடுப்பில் கை வைத்து நின்று மலைச் சட்டம் பேசினாள். ஒரு கூடைகூடக் கொடுக்கவில்லை. அம்ப்ரூஸ் நிலத்தை அப்படியே போட்டுவிட்டு மிஷ்கோல்ட்ஸ் நகரத்து இரும்பாலை வேலைக்குப் போய்விட்டான். அன்றைக்குப் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டவன் லோரின்ஸ்.

வேறு வழியில்லாமல் போனாள். லோரின்ஸ் கொடிகளை வைக்கோலால் கட்டிக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

"வருவேன்னு தெரியும். அம்ப்ரூஸ்கிட்ட என்ன சொன்னே, ஞாபகம் இருக்கா?"

"இருக்குண்ணே."

"சொல்லு, கேப்போம்."

"குழி யாருதோ மண்ணு அவங்களுதுன்னு சொன்னேன்." அவளுக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாக, அங்கேயே உட்கார்ந்துவிடலாம் போல அசதியாக இருந்தது.

லோரின்ஸ் வைக்கோலைக் கீழே போட்டான். "அள்ளிட்டுப் போ. பெரிய மனசுன்னு நினைச்சுக்காதே. அம்ப்ரூஸ் இருந்த வரைக்கும் மேல வர்ற தண்ணியை அவன் குழி வாங்கிக்கிச்சு. அவன் போனான், தண்ணி உன் தலையில விழுந்துச்சு. நீயும் போனா அடுத்து என் தலைதான். எனக்கும் வயசாச்சும்மா."

இத்தனை வருஷம் அவள் மழையைத் திட்டியிருக்கிறாள், மலையைத் திட்டியிருக்கிறாள், கடவுளைக்கூட விட்டுவைக்கவில்லை. தன்னை ஒருநாளும் திட்டிக்கொண்டதில்லை.

முதலில் தன் குழியைக் காலி செய்தாள். பிறகு லோரின்ஸின் குழியிலிருந்து சுமக்கத் தொடங்கினாள். அவன் பங்கையும் தாண்டி, தன் பங்கின் மேல் வரிசைகள் வரை ஏற வேண்டும். கூடையின் வார் தோளை அறுத்தது. ரொட்டியும் வெங்காயமும் தின்ன உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்று நின்றபடியே தின்றாள். லோரின்ஸ் சுமக்க வரவில்லை. கூடையை நிரப்பித் தூக்கிவிட மட்டும் வந்தான். அந்த வாரம் மேகம் திரண்டபோதெல்லாம் இன்னும் வேகமாக ஏறினாள். ஒருவழியாக வேர்கள் எல்லாம் மண்ணுக்குள் போயின.

அன்று மாலை லோரின்ஸ் பாலிங்கா என்ற பழச்சாராயக் குப்பியோடு மேலே வந்தான். வேலை முடிந்தது, ஆளுக்கு ஒரு வாய் குடிக்கலாம் என்று நினைத்திருந்தான். வரிசைகளில் எதெல்காவைக் காணவில்லை. இன்னும் மேலே, எல்லைக்கு அப்பால், முட்புதருக்குள் மண்வெட்டிச் சத்தம் கேட்டது.

"அங்க என்னம்மா பண்றே? அது அம்ப்ரூஸ் குழியாச்சே."

"ஆமா."

"அவன் எங்க வரப்போறான்?"

எதெல்கா ஒரு கையால் முட்செடியை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, தூர்ந்த குழிக்குள் இறங்கி நின்றாள்.

"வரமாட்டான்ணே. அதான் நான் வெட்டுறேன். இனிமே வருஷா வருஷம் ரெண்டு குழி எனக்கு."

லோரின்ஸ் குப்பியை அவளிடம் நீட்டினான். அவள் ஒரு வாய் குடித்துவிட்டு அதைத் திருப்பிக் கொடுத்தாள். தூரத்தில் ஆற்றின் மேல் மறுபடியும் இருட்டிக்கொண்டு வந்தது. அவள் குனிந்து வெட்டத் தொடங்கினாள்.