முதுகுக்குப் பின்னால் ஒரு யன்னல்

அவனை ஒருநாள்தான் பார்த்தேன். எனக்கு அதுவே போதும்.

ரொறன்ரோவின் அஜின்கோர்ட்டில் என் பக்கத்து வீட்டு அன்ரியின் ஒரே மகன். வெயிலில் கறுத்த முகம், இந்தக் குளிரிலும் அரைக்காற்சட்டை, வாய் திறந்தால் பாங்கொக். ரொறன்ரோச் சம்பளத்தில் லப்டொப்போடு அங்கே வாழ்கிறான். அவனுடைய கொம்பனியோ அவன் தாயின் வீட்டில் இருந்துதான் வேலை செய்கிறான் என்று நம்பிக்கொண்டிருக்கிறது. வீடியோ மீற்றிங்கில் முதுகுக்குப் பின்னால் அந்த வீட்டு யன்னலின் படத்தைப் போட்டுக்கொள்வானாம். பருவம் மாறினால் படமும் மாறவேண்டும். பனிக்காலப் படம் எடுக்கத்தான் வந்திருந்தான்.

நான் அன்ரியின் வாசலில் ஸ்நோ தள்ளிவிட்டு உள்ளே போனபோது போனை நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றான். படம் எடுக்கிறான் என்று அன்ரி நல்ல சீலை உடுத்து, யன்னலடியில் சிரித்தபடி நின்றா.

"அம்மா, தள்ளி நில்லுங்கோ."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அவவும் நிண்டால் என்ன தம்பி?"

"ஆள் அசையாமல் நிண்டால் படம் எண்டு கண்டுபிடிச்சிடுவாங்கள், அண்ணை."

அன்ரி தேத்தண்ணி போடக் குசினிக்குள் போய்விட்டா.

இப்போதும் ஸ்நோ தள்ளும்போது அந்த யன்னலை நிமிர்ந்து பார்ப்பேன். அன்ரி அங்கேதான் நிற்பா, தெருவைப் பார்த்தபடி, அசையாமல்.