கீழவைப்பார் கடலில் வாட்சைக் கழற்றியவர்

தூத்துக்குடியில் காலை ஆறரை மணிக்குக் கார் ஏறினோம். கீழவைப்பார் போய்த் திரும்ப ஆயிரத்து ஐந்நூறு ரூபாய். சாத்தான்குளத்தில் இரும்புக்கடை வைத்திருக்கும் என் கணவர் பேரம் பேசாமல் எந்த வண்டியிலும் ஏறமாட்டார். அன்று பேசவில்லை. மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

போன வருடம் நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்த பிறகு, பெங்களூரில் இருக்கும் எங்கள் மகள் வாங்கிக் கொடுத்த வாட்ச் அது. இதயத் துடிப்பு அளவை மீறினால் கீச்சிடும். அவர் எங்கே இருக்கிறார் என்பதையும் சேர்த்து மகளின் போனுக்குச் செய்தி அனுப்பிவிடும். நல்ல வாட்ச்தான். ஆனால் அது வந்ததிலிருந்து மனிதர் மாடிப்படி ஏறுவதில்லை, கடையில் யாரையும் அதட்டுவதில்லை, சிரிக்கக்கூட அதனிடம் அனுமதி வாங்குகிறார். மெதுவாக நீந்தலாம் என்று டாக்டரே சொல்லியும் தண்ணீர்ப் பக்கம் போகவில்லை. கல்யாணமான புதிதில் இதே கீழவைப்பாரில் என்னைக் கரையில் உட்காரவைத்துவிட்டு வெகுதூரம் நீந்திப் போனவர். அந்த மனிதர் எனக்குத் திரும்ப வேண்டும். அதற்காகத்தான் அடம்பிடித்து இந்தப் பயணம்.

தருவைகுளம் தாண்டியதும் உப்பளங்கள். குவித்த உப்பில் வெயில் பட்டுக் கண் கூசியது. மக்ரூன் பொட்டலத்தை நீட்டினேன். "துடிப்பு எத்தனன்னு பாத்துட்டுச் சாப்பிடுதேன்" என்று கையைத் திருப்பினார்.

ஓட்டுநர் சிரித்துவிட்டார். "மக்ரூனுக்கு வாட்ச் பாக்க ஆள இப்பதான் பாக்கேன், அண்ணாச்சி."

சுமார் முப்பது கிலோமீட்டரில் கீழவைப்பார். ஞாயிற்றுக்கிழமையானதால் படகுகள் கரையில் கிடந்தன. சங்கெடுக்கக் கடலில் மூழ்கும் மிக்கேல் என்பவர் மட்டும் தன் படகோரம் கயிறு சுருட்டிக்கொண்டிருந்தார்.

என் கணவர் முழங்கால் தண்ணீர்வரை போனார். வாட்ச் கீச்சிட்டது. திரும்பி வந்தார். மறுபடி போனார், மறுபடி வந்தார். மிக்கேல் என்னவென்று விசாரித்தார், சொன்னேன். எழுந்து வந்து கயிற்றை என் கணவர் இடுப்பில் கட்டினார்.

"ஏம்மா, ஒங்க கூடப்பொறந்த ஆம்பளைய யாரும் வந்திருக்காவளா?"

எதற்கு என்று கேட்டேன்.

"நாங்க அடியில போவும்போது மேல கயித்த மச்சினன்தான் பிடிப்பான். எனக்கு எம்பொண்டாட்டி தம்பி. அக்கா தாலி அவன் கையிலல்லா இருக்கு, கண்ண அங்கன இங்கன திருப்பமாட்டான்."

"எனக்குக் கூடப்பொறந்தவங்க யாரும் இல்ல."

"அப்போ நீங்களே பிடிங்க. பின்னால நான் பிடிச்சுக்கிடுதேன், அக்கா."

என் கணவர் இடுப்புக் கயிற்றை இழுத்துப் பார்த்தார். பிறகு வாட்சைக் கழற்றி என் கையில் கட்டிவிட்டார். "ஏளா, இத நீ வச்சுக்கோ. இது இருந்தா நான் முழங்கால் தாண்டமாட்டேன்." அது இருந்த இடம் மட்டும் அவர் மணிக்கட்டில் வெளுத்திருந்தது.

இடுப்பளவு, மார்பளவு, அதன்பின் நீச்சல். கயிறு என் விரல்களை உரசிக்கொண்டு போனது. "விடுங்க, இன்னும் விடுங்க" என்றார் மிக்கேல். ஓர் அலை என் கணவரின் தலையை மறைத்தது. கயிற்றை இறுகப் பிடித்தேன். வாட்ச் கீச்சிட்டது. அலைக்கு அப்பால் தலை எழும்பியது; கூடவே அவருடைய பழைய வெடிச்சிரிப்பும் கேட்டது.

என் பையில் போன் அடித்தது. மிக்கேல் எடுத்து என் காதில் வைத்தார். மகள்.

"அம்மா, அப்பாவுக்கு என்ன செய்யுது? கடற்கரையிலயா இருக்கீங்க? துடிப்பு நூத்தி நாப்பதுன்னு வருது."

"அப்பா நீந்துதாவ" என்றேன். "துடிப்பு என்னோடது."

திரும்பும்போது பொட்டலத்தில் இருந்த மக்ரூனையெல்லாம் அவரே காலி செய்தார். தருவைகுளம் நெருங்கியதும், வாட்சைக் கேட்பார் என்று கையை நீட்டினேன். அவர் கழற்றவில்லை. என் மணிக்கட்டைத் திருப்பி எண்ணைப் பார்த்தார்.

"இப்ப கொறஞ்சிருக்கு" என்றார். தூத்துக்குடி வரும்வரை கையை விடவில்லை.