பிள்ளைப்பாக்கத்தில் நின்றுபோன கதை

ஸ்ரீபெரும்புதூர் விடுதியில் எங்கள் அறையில் நான்கு பேர். ஆளுக்கொரு ஷிப்ட் என்பதால், நான் இருக்கும்போது பேச யாரும் இருக்க மாட்டார்கள். அதனால் ஒரகடம் போய்வரும் கம்பெனி பஸ்ஸில் நாவல் படிப்பேன். இப்போது வரும் நாவல்களில் தனியாக வாழ்கிறவர்கள் நிறைய. அவர்களுக்கு உட்கார்ந்து யோசிக்க ஒரு ஜன்னல் எப்படியோ கிடைத்துவிடுகிறது. எனக்கு அதில்தான் பொறாமை.

போன மாதம் படித்த நாவலில், குடும்பத்தை விட்டு வந்த ஒருத்தி வேறு ஊரில் தையல் கடை வைத்திருக்கிறாள். ஒருநாள் வளர்ந்துவிட்ட மகளே சுடிதார் தைக்க வருகிறாள். மகளுக்கு அவள் யாரென்று தெரியாது. வேலை முடிந்து விடுதி திரும்பும் பஸ்ஸில் அதைப் படித்து அழுதுவிட்டேன்.

பக்கத்தில் இருந்த அக்கா, "இன்னாம்மா, வூட்ல எதுனா பிரச்சனையா?" என்றார்.

"இல்லக்கா, கதைதான்."

"அப்டி இன்னா கதை? சொல்லு."

சொன்னேன். இந்த ஊரில் யாரும் நான் சொல்வதை அவ்வளவு நேரம் கேட்டதில்லை.

"பொண்ணு கண்டுபுட்ச்சிட்டாளா?" என்று அவர் கேட்டபோது பிள்ளைப்பாக்கம் வந்துவிட்டது. "மிச்சத்த நாளைக்கு சொல்லு" என்று இறங்கிப் போனார்.

மறுநாள் அவர் வரவில்லை. ஷிப்ட் மாறிவிட்டதாம். போன் நம்பர் வாங்கிக்கொள்ள எனக்குத் தோன்றவே இல்லை.

இப்போது வேறு நாவல் படிக்கிறேன். ஒவ்வொரு அத்தியாயமும் முடிந்ததும், அவரிடம் சொல்வதுபோல மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்த பிறகே பக்கத்தைத் திருப்புகிறேன்.